தலைக்கு மேலே 20 அடி

அரங்கேற்றத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சபா. 13 வயதுப் பெண் ஒருத்தி மேடையில் வர்ணம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் காலத் தீர்மானத்தை முடித்துவிட்டு, சாகித்தியத்துக்கு முகத்தை மாற்றிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தாள். அவள் அதுவரை நின்றிருந்த இடத்தில் 'டங்'கென்று ஒரு சத்தம். மிருதங்கம் நின்றது. டீச்சர் கையிலிருந்த தட்டுக்கழி அப்படியே அந்தரத்தில் நின்றது.

விழுந்தது ஜெல் ஃப்ரேம். பார் கேன் என்கிற டப்பா வடிவ மேடை விளக்கின் முன்னால் கலர்த்தாளைச் செருகி வைக்கிற தகரச் சட்டம். 10 அங்குலச் சதுரம். கையில் எடுத்தால் கனமே தெரியாது. உள்ளே இருந்த அம்பர் தாள் நடுவில் வெளிறி, ஓரத்தில் சுருங்கிப்போயிருந்தது. சட்டத்தின் ஒரு மூலை மேடைப் பலகையில் குத்தி, சுண்டுவிரல் நகம் நுழைகிற அளவுக்குப் பள்ளம் போட்டிருந்தது. பள்ளத்தைச் சுற்றி மரம் வெள்ளையாகப் பிளந்து நின்றது. அவள் குதிகாலுக்கும் அந்தப் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்.

அந்தப் பெண் பயப்படவில்லை. என்ன நடந்தது என்று அவளுக்குப் புரியவே இல்லை. குனிந்து எடுக்கப் போனாள். "தொடாதம்மா, சுடும்" என்று கத்திக்கொண்டே ஓடினேன். "அங்கிள், இது உங்களோடதா?" என்று கேட்டாள்.

என்னுடையதுதான். மத்தியானம் ஏணியில் ஏறி அதைச் செருகியவன் நான். பார் கேனின் வாயில் மூன்று பக்கம் தகர மடிப்பு இருக்கும், மேல் பக்கம் ஒரு ஸ்பிரிங் கிளிப். ஃப்ரேமை மேலிருந்து இறக்கிவிட்டு அந்தக் கிளிப்பை மூட வேண்டும். விளக்கு கீழே பார்த்துச் சாய்ந்திருக்கும்போது ஃப்ரேமைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கிளிப் மட்டும்தான். அன்றைக்கு அதை மூடினேனா என்று எனக்கு நினைவில்லை. மூடியிருந்தால் விழுந்திருக்காது, அவ்வளவுதான்.

இது நடந்து பல வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு பல நூறு நிகழ்ச்சிகளுக்கு விளக்கு கட்டிவிட்டேன். நாட்டியம், நாடகம், கச்சேரி, கல்யாண ரிசப்ஷன், திறந்தவெளி மேடை எல்லாம் பார்த்தாகிவிட்டது. அந்தப் பள்ளத்தை மட்டும் மறக்க முடியவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். விளக்கு மாட்டுகிற பைப் மேடையிலிருந்து சுமார் 20 அடி உயரம், 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து நழுவுகிற பொருள் ஒரு விநாடிக்குச் சற்று மேலான நேரத்தில் கீழே வந்துவிடும். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு கிட்டத்தட்ட 39 கிலோமீட்டர். அண்ணா சாலையில் சாயங்கால நெரிசலில் ஓடுகிற பஸ்ஸைவிட வேகம். ஒரு விநாடியில் யாரும் அண்ணாந்து பார்த்து, புரிந்துகொண்டு, விலகிவிட முடியாது. ஆடுகிறவருக்கு அண்ணாந்து பார்க்கவே வழியில்லை. அவர் கண் கை போகிற இடத்தில் இருக்கும், மனம் தாளத்தில் இருக்கும். மேலே என்ன தொங்குகிறது என்று யோசிக்கிற பொறுப்பு முழுக்க முழுக்க எங்களுடையது.

நாட்டிய நிகழ்ச்சிக்கு 40 விளக்கு என்பது சாதாரணம். ஒவ்வொன்றிலும் எத்தனை உறுப்புகள் என்று பாருங்கள். பைப்பைக் கவ்வுகிற கிளாம்ப், அதை இறுக்குகிற போல்ட், அதிலிருந்து தொங்குகிற யூ வடிவப் பட்டை, பட்டையின் இரண்டு பக்கமும் திருகு, விளக்கின் உடம்பு, உள்ளே பல்ப், முன்னால் ஜெல் ஃப்ரேம் அல்லது வெளிச்சத்தை மறைக்கிற இதழ்கள். முழு விளக்கு கழன்று விழுவது அபூர்வம். எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான், கவனிப்பதும் அதைத்தான். நான் பார்த்தவரை அடிக்கடி விழுவது சின்னச் சின்ன சாமான்கள்: ஃப்ரேம், இதழ், ஒரு வாஷர், ஒரு நட்டு, இன்சுலேஷன் டேப் உருளை, வேலை முடித்தவர் மேலேயே மறந்துவிட்டு வந்த ஸ்பேனர்.

நட்டு ஏன் கழல்கிறது என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். முந்தாநாள்தானே அண்ணே இறுக்கினோம் என்பார்கள். 1000 வாட் பார் விளக்கு ஒவ்வொரு முறை எரிந்து அணையும்போதும் இரும்பு விரிந்து சுருங்குகிறது. கீழே சப்-வூஃபர் அடித்தால் பைப் முழுக்க அதிர்கிறது, பைப்பைத் தொட்டுப் பார்த்தால் கையில் தெரியும். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிடும். அதனால் நிரந்தரமாகத் தொங்குகிற விளக்கை ஒருமுறை இறுக்கியதோடு விட்டுவிடக் கூடாது, குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது இல்லை. ஏறி, கையால் ஆட்டிப் பார்ப்பது.

எல்இடி வந்த பிறகு ஜெல் தாளும் ஃப்ரேமும் குறைந்துவிட்டன. சூடும் குறைவு. ஆனால் இப்போது எல்லோரும் கேட்பது மூவிங் ஹெட். அதில் பெரிய ரகம் 20 கிலோவைத் தாண்டும். பார் கேன் மாதிரி சும்மா தொங்கவும் செய்யாது. பாட்டுக்குப் பாட்டு தலையைத் திருப்பி, நிமிர்த்தி, உதறுகிறது. ஒவ்வொரு திருப்பத்தின் இழுப்பும் அதைத் தாங்குகிற கிளாம்ப்பில்தான் போய் விழுகிறது. கிளாம்ப்பை விளக்கோடு சேர்க்கும் பிராக்கெட்டில் கால் சுற்றுத் திருப்பிப் பூட்டுகிற திருகுகள் இருக்கும். முழுதாகத் திருப்பினால் 'டக்'கென்று உட்காரும். பாதி திருப்பினாலும் கண்ணுக்கு உட்கார்ந்த மாதிரியேதான் தெரியும். அந்த 'டக்' காதில் விழாமல் நான் ஏணியிலிருந்து இறங்குவதில்லை. பக்கத்தில் யாராவது மைக் டெஸ்டிங் செய்துகொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லிவிட்டுத் திருப்புவேன்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த அண்ணன் கோடம்பாக்கம் ஸ்டூடியோக்களில் லைட்மேனாக இருந்தவர். பிறகு மேடைக்கு வந்தார். அவர் சொல்லித் தந்த முதல் பாடம், "மேல போற எதுக்கும் ரெண்டு பிடி வேணும்டா தம்பி. ஒண்ணு விட்டாலும் இன்னொண்ணு பிடிக்கணும்" என்பதுதான். ஒரு பிடி கிளாம்ப். இன்னொரு பிடி சேஃப்டி வயர். இரும்புக் கம்பிகளை முறுக்கிச் செய்த மெல்லிய வடம், ஒரு முனையில் காது, இன்னொரு முனையில் பூட்டுகிற கொக்கி. கிளாம்ப் உடைந்தாலோ, போல்ட் கழன்றாலோ விளக்கைத் தாங்குவது அதன் வேலை. அதனால் அதை கிளாம்ப்பிலேயே மாட்டக் கூடாது. கிளாம்ப் போனால் வயரும் சேர்ந்து போகும். பைப்பைச் சுற்றி வளைத்து, விளக்கின் உடம்பில் அதற்கென்றே இருக்கும் துளையில் மாட்ட வேண்டும். யூ பட்டையில் மாட்டினால், பட்டையின் திருகு கழலும்போது பட்டை மட்டும் வயரில் தொங்கும், விளக்கு கீழே வந்துவிடும்.

நீளம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பல பேர் யோசிப்பதே இல்லை. விளக்கைத் திருப்ப வசதியாக இருக்கட்டும் என்று வயரைத் தொளதொளவென்று விட்டுவிடுவார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் மாட்டினேன். 20 கிலோ விளக்கு ஒன்று 60 சென்டிமீட்டர் விழுந்த பிறகு வயர் அதைப் பிடிக்கிறது என்று வையுங்கள். வயர் இழுபட்டு 3 சென்டிமீட்டருக்குள் அதை நிறுத்தினால், அந்த நேரத்தில் வயர் தாங்க வேண்டிய பாரம் தோராயமாக 420 கிலோ. அதே விளக்கு 10 சென்டிமீட்டர் மட்டும் விழுந்தால் 90 கிலோவுக்குள் முடிந்துவிடும். வயர் அதே வயர், விளக்கு அதே விளக்கு. ஜெர்மனியில் இந்த வயர்களுக்கென்றே ஒரு தரநிலை இருக்கிறது. விழும் தூரம் 20 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது அது. நீளமான வயராக இருந்தால் பைப்பில் இன்னொரு சுற்றுச் சுற்றிக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

ஒருமுறை விளக்கைத் தாங்கிப் பிடித்த வயரை மறுபடி பயன்படுத்தக் கூடாது. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இழை அறுந்திருக்கலாம். இதைச் சொன்னால் சிலருக்கு மனசு வராது. நல்ல வயரை ஏன் சார் வெட்டிப் போடுறீங்க என்று கேட்பார்கள். ஒரு வயரின் விலை சபா கேன்டீனில் இரண்டு பேர் டிபன் சாப்பிடுகிற பணம்தான்.

வயருக்குப் பதிலாக வேறு எதையெதையோ கட்டிப் பார்த்திருக்கிறேன். கட்டுக்கம்பி, நைலான் கயிறு, கேபிள் டை. கட்டுக்கம்பி முறுக்கிய இடத்தில் திடீர் இழுப்பு வந்தால் பிரிந்துவிடும். நைலான் சூட்டில் இளகும். பிளாஸ்டிக் கேபிள் டை வெயிலும் சூடும் பட்டுப் பட்டு மொறுமொறுப்பாகி, ஒருநாள் தானாகவே ஒடியும். கேபிளை ஒழுங்காகக் கட்டி வைக்க அது போதும். பாரம் தாங்க அதை நம்பினால் கீழே நிற்பவர் தலையை வைத்துப் பந்தயம் கட்டுவதாக அர்த்தம்.

சென்னைக்கென்று தனியாக ஒரு கஷ்டம் உண்டு, உப்புக்காற்று. ஈசிஆர் பக்கம் கடற்கரையை ஒட்டிய புல்வெளிகளில் இப்போது எவ்வளவு கல்யாணங்கள்! இரண்டு நாள் அங்கே தொங்கிய வயரும் கிளாம்ப்பும் கோடவுனுக்குத் திரும்பி வந்ததும் அப்படியே பெட்டியில் போடப்படுகின்றன. உப்பு உள்ளே உட்கார்ந்து வேலையைச் செய்கிறது. நான் வயரைச் சோதிக்கும் விதம் இதுதான். பழைய வேட்டித் துணி ஒன்றை எடுத்து, வயரை அதற்குள் வைத்துப் பிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுப்பேன். நல்ல வயர் வழுக்கிக்கொண்டு வரும். ஓர் இழை அறுந்திருந்தாலும் துணியில் மாட்டி நூலை இழுக்கும். துணியில் செம்பழுப்புக் கறை பட்டால் உள்ளே துரு. அந்த வயர் அப்போதே போய்விடும், பெட்டிக்குத் திரும்பாது. வெறுங்கையால் இழுக்காதீர்கள். அறுந்த இழை ஊசி மாதிரி உள்ளங்கையில் ஏறும்.

திறந்தவெளியில் இன்னொரு பயம் காற்று. கோடையில் மத்தியானம் வரை இலை அசையாது, சாயங்காலம் திடீரென்று இடியோடு புழுதி கிளம்பும். அமெரிக்கப் பாடகர் கர்ட்டிஸ் மேஃபீல்ட் 1990 ஆகஸ்டில் நியூயார்க்கின் புரூக்ளினில் திறந்தவெளி மேடையில் ஏறியபோது, காற்றில் விளக்குச் சட்டம் சாய்ந்து அவர்மேல் விழுந்தது. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்து போயிற்று. இந்த விஷயத்தைப் படித்த பிறகு, மைதானத்தில் காற்று கிளம்பினால் நான் யாரையும் கேட்பதில்லை. முதலில் மேடையைக் காலி செய்யச் சொல்லிவிடுவேன். அப்புறம் ட்ரஸ்ஸை, அதாவது விளக்குகளைத் தாங்குகிற சட்டத்தை, இறக்குவேன். தலைமை விருந்தினர் பேசிக்கொண்டிருந்தாலும் சரி.

உள்ளரங்கம் என்றால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. 2022 ஜூலையில் ஹாங்காங் கொலிசியத்தில் மேலே தொங்கிய பெரிய வீடியோ திரை, நிகழ்ச்சி நடக்கும்போதே நடனக் கலைஞர்கள்மேல் விழுந்தது. ஒருவருக்குக் கழுத்தில் படுகாயம். தொங்கவிட்ட கம்பிவடம் நைந்து அறுந்ததும், சாமான்களின் எடையை உண்மையைவிடக் குறைத்துக் கணக்குக் காட்டியதும் விசாரணையில் வெளியே வந்தன. எடையைக் குறைத்துச் சொல்கிற பழக்கம் நம் ஊரிலும் இருக்கிறது. "எல்லாம் சேத்து ஒரு 200 கிலோ இருக்கும் சார்" என்பார்கள். யாரும் நிறுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு விளக்கின் முதுகிலும் எடை எழுதியிருக்கும். கேபிளின் எடையைக் கணக்கில் சேர்க்க எல்லோரும் மறக்கிறார்கள். தடித்த பவர் கேபிள் ஒரு சுருளைத் தோளில் தூக்கிப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

சினிமா பக்கம் 2020 பிப்ரவரியில் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து 3 பேர் இறந்தார்கள். அன்று ராத்திரி என் போனுக்கு வந்த முதல் அழைப்பு அந்த அண்ணனிடமிருந்து. அவர் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. "நம்ம பசங்க யாராவது அங்க இருந்தாங்களாடா?" என்று கேட்டார். வேறொன்றும் பேசவில்லை.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் தப்பு நடக்கிறது? என் அனுபவத்தில் பெரும்பாலும் நேரம்தான் காரணம். மார்கழியில் ஒரே மேடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நிகழ்ச்சி. முந்தைய கச்சேரி முடிந்து, தம்பூராவை உறையில் போட்டு எடுத்துப் போவதற்குள் அடுத்த குழு சலங்கை கட்டிக்கொண்டு நிற்கும். எங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. நாங்கள் ஏணியில் இருக்கும்போதே கீழே கோலம் போடுகிறார்கள், நடராஜருக்குப் பூ வைக்கிறார்கள், பிள்ளைகள் இடம் பார்த்து ஆடிப் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் அவரவர் அவசரம். யாரையும் குறை சொல்லவில்லை.

ஆனாலும் மேலே ஆள் வேலை செய்யும்போது கீழே யாரும் இருக்கக் கூடாது. இதில் நான் இப்போது விட்டுக்கொடுப்பதில்லை. முன்பெல்லாம் டீச்சரிடம் சொல்லத் தயங்குவேன். அவர் பெரியவர், நான் லைட் போடுகிறவன். இப்போது போனதும் வணக்கம் சொல்லிவிட்டு முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: "டீச்சர், எனக்கு மேடையை 40 நிமிஷம் காலியா குடுங்க. அதுக்கப்புறம் முழுக்க உங்களோடது." இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை. ஒருமுறை ஒரு மூத்த டீச்சர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷத்துல யாரும் இப்படிக் கேட்டதில்லையேப்பா" என்றார். பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு ஹாலின் கடைசி வரிசையில் உட்காரவைத்தார். இரண்டு பக்கமும் கயிறு கட்டிவிட்டு, வேலைக்கு ஒருவன் ஏறினால் கீழே ஹெல்மெட்டோடு ஒருவன் நிற்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். அவன் வேலை யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். போன் பார்க்கக் கூடாது.

ஏறுவதற்கு முன் சட்டைப்பையைக் காலி செய்வது எங்கள் குழுவில் கோயிலுக்குள் செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஆகிவிட்டது. போன், பர்ஸ், பைக் சாவி, சில்லறை, பேனா எல்லாம் ஒரு டப்பாவில். சாவிக்கொத்து ஒன்று மேலிருந்து விழுந்தால் கண் போய்விடும். மேலே கொண்டுபோகிற ஸ்பேனருக்கும் கட்டிங் பிளேயருக்கும் கயிறு போட்டு இடுப்பு பெல்ட்டில் கட்டியிருப்போம், கைநழுவினாலும் இடுப்பில் தொங்கும். கிளாம்ப், திருகு மாதிரியான சாமான்கள் வாய் மூடுகிற பையில் போட்டுக் கயிற்றில் ஏறும், இறங்கும். "இந்தா பிடி" என்று தூக்கிப் போடுகிற வேலை கிடையாது.

மாட்டுவதற்கும் ஒரு வரிசை உண்டு. விளக்கை பைப்பில் கொளுவியதும் முதல் வேலை சேஃப்டி வயர். அப்புறம்தான் கிளாம்ப்பை இறுக்குவது, கனெக்‌ஷன், எல்லாம். இறக்கும்போது மற்றதையெல்லாம் கழற்றிவிட்டு, விளக்கைக் கையில் தாங்கிக்கொண்ட பிறகு கடைசியாக வயர். இரவு 11 மணிக்குக் களைத்துப்போய் வண்டி ஏற்றும்போதுதான் இந்த வரிசை மாறும். அதனால் இறக்குகிற நேரத்தில் நான் கட்டாயம் மேடையிலேயே நிற்பேன். ஜெல் ஃப்ரேமுக்கும் இதழ்களுக்கும் தனித்தனியாகச் சின்னச் சங்கிலி போட்டு விளக்கோடு இணைத்திருக்கிறேன். லென்ஸ் இல்லாமல் பல்ப் வெளியே தெரிகிற பழைய விளக்குகளுக்கு முன்னால் கம்பிவலை. பல்ப் வெடித்தால் சூடான கண்ணாடி கீழே போகாமல் தடுக்கும்.

நிகழ்ச்சி நடத்துகிறவர்கள், டீச்சர்கள், அப்பா அம்மாக்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒத்திகை அன்றைக்கு விளக்கு போடுகிறவரிடம், "எல்லாத்துக்கும் சேஃப்டி வயர் மாட்டியாச்சா? கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கேட்பார்கள் என்று தெரிந்தால் நாங்கள் இன்னும் கவனமாக மாட்டுவோம். நிஜமாகவே சொல்கிறேன்.

போன மாதம் எழும்பூர்ப் பக்கம் ஒரு நாடகம். வேலை முடிந்து எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஏணியிலிருந்து இறங்கினான். எங்கள் வழக்கப்படி மேடை ஓரத்தில் கறுப்புத் துணி விரித்து, கொண்டுபோன சாமான்களை வரிசையாக வைத்தான். ஸ்பேனர் இரண்டு, பிளேயர், டெஸ்டர், டேப். ஏறும்போது சிலேட்டில் எழுதியிருந்தது ஆறு. துணியில் இருந்தது ஐந்து.

"அண்ணே, சின்ன ஸ்க்ரூ டிரைவர் காணோம். பையிலயே மேல எடுத்துட்டுப் போகலையோ என்னமோ" என்றான்.

வாசலில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். இயக்குநர் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "கதவைத் திறக்கலாமா சார்?" என்று ஹால்காரர் கேட்டார். கொஞ்சம் பொறுங்க என்றேன். நடிகர்கள் மேடைப் பக்கவாட்டு விங்கில் நின்றுகொண்டு, தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்கள்.

பையன் மறுபடி ஏறினான். மூன்றாவது விளக்குக்குப் பக்கத்தில், பைப்புக்கும் கேபிள் கட்டுக்கும் நடுவில், கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. எடுத்துப் பையில் போட்டு, வாயைக் கட்டி, கயிற்றில் இறக்கினான். நான் வாங்கித் துணியில் ஆறாவதாக வைத்தேன். அப்புறம் ஹால்காரரைப் பார்த்துத் தலையாட்டினேன். நாடகம் 9 நிமிஷம் தாமதமாகத் தொடங்கியது.